பிள்ளையின் விளக்கத்தையும் கேட்போம்

(கரக்பூரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

இவ்வுரை எப்பொழுது முடியும், நாடகம் எப்பொழுது தொடங்கும் என்று முன்வரிசையில் காத்திருக்கும் இளஞ்செல்வங்களே!

பெற்றோர்க்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இடையே அன்றாடம் எழும் பிணக்குகளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நாங்கள் மனநூல் கற்றவர் அல்லோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழுடன் இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, சம்பளப் பட்டியல்களின் நடுவே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர்கள். ஆகவே நூலறிவு கொண்டு உரைக்க ஒன்றும் இல்லை. நம் காலனியில் கண்டதையும், எங்கள் இல்லத்தில் பட்டதையும் மட்டுமே சொல்ல இருக்கின்றோம்.

வள்ளுவப் பெருந்தகை மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் குழந்தையின் மழலையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைத்துப் பேசினார். நாமும் அம்மழலையைச் செவி குளிரக் கேட்டோம். பொருளற்ற சொல்லையும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டோம். அதே குழந்தை பதினாறு வயதில் பொருளோடு பேச வரும்பொழுதோ, "போதும், வாயை மூடு" என்கின்றோம். பிணக்கின் வித்து இங்கேதான் இருக்கின்றது என்பது எங்கள் எண்ணம்.

நம் காலனி வாழ்க்கையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் ஒரு தாழ்வாரம். வண்டி ஓட்டுபவர் இல்லத்திலும், நிம்புரா யார்டில் இரவுப் பணி பார்ப்பவர் இல்லத்திலும், தந்தை பகலில் உறங்குவார். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரமும் அதுவே. சிரித்தால் குற்றம், கதவைச் சாத்தினால் குற்றம். தந்தை விழித்தெழும்பொழுது பிள்ளை தனிப்பயிற்சிக்குப் போய்விடுவான். ஒரே கூரையின் கீழ் இருந்தும், வாரத்தில் ஒரு நாளேனும் சேர்ந்து உண்ணாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கிடைக்கும் அந்தச் சிறுபொழுதிலும் மதிப்பெண் விசாரணையே நடைபெறுமாயின், பிள்ளை நம்மைக் கண்டதும் அடுத்த அறைக்குப் போவதில் வியப்பென்ன?

காலையில் எழுப்புவதிலேயே முதற்போர் தொடங்குகின்றது. "சோம்பேறி" என்னும் பட்டம் பல் துலக்கும் முன்பே சூட்டப்படுகின்றது. ஆனால், வளரும் பருவத்தில் உடலின் உறக்கக் கடிகாரமே சற்றுப் பின்தள்ளிப் போகின்றது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை உள்ளவர்க்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பதும் அவர்கள் கணக்கு. இரவுப் பணி முடித்து வந்தவரை நாம் எழுப்புவதில்லை. உடலின் தேவை என்று அறிந்திருக்கின்றோம். பிள்ளைக்கும் ஓர் உடல் உண்டன்றோ? அதற்காக நள்ளிரவுவரை கைப்பேசியோடு விழித்திருக்க விடுவதா என்றால், அன்று. இரவு பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஒரே அலமாரிக்குப் போகட்டும். பணி அழைப்பு வரக்கூடியவர் தம்முடையதை வைத்துக்கொள்ளலாம். மற்றபடி, தந்தையின் கைப்பேசியும் அங்கே போகாத வரையில் அச்சட்டம் மூன்று நாள் கூட நில்லாது.

பெண்மக்கள் பற்றியும் ஒரு சொல். மகன் கோல்பஜாரிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு வந்தால் "சாப்பிட்டாயா?" என்று கேட்கின்றோம். மகள் ஏழரை மணிக்கு வந்தால் "எங்கே போயிருந்தாய்?" என்று கேட்கின்றோம். அச்சம் நியாயமானதுதான். ஆனால், அதனை அச்சம் என்று சொல்லாமல் ஐயம் போலச் சொல்லுகின்றோம். "நீ வரும்வரை எங்களுக்கு மனம் கொள்ளவில்லை, அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். அவளே மறுநாள் முன்கூட்டித் தெரிவிப்பாள்.

இனி, எங்கள் இல்லத்துக் கதைக்கு வருகின்றோம். மேடையில் சொல்லக் கூசுவதுதான். ஆயினும் சொல்லாவிடின் இவ்வுரை வெறும் உபதேசமாகிவிடும்.

இவ்வூரில் 1951ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தை நாம் அனைவரும் அறிவோம். நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் அதனை நாடி வருகின்றனர். அதன் வாயிலைக் கடக்குந்தோறும் எங்கள் மகனுக்கு அதனைச் சுட்டிக்காட்டியே வளர்த்தோம். குடும்பச் சூழ்நிலையால் பத்தாம் வகுப்போடு நின்றுபோன ஏக்கம் எங்களுக்கு. அவ்வேக்கத்தை மகன் தோளில் ஏற்றினோம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிரிவு தேர்ந்தெடுக்கும் படிவம் வந்தது. அலுவலகத்தில் படிவங்களை நிரப்பிப் பழகிய கையன்றோ? "அறிவியல்" என்று நாங்களே நிரப்பினோம். "அப்பா, ஒன்று சொல்லலாமா?" என்று அவன் தொடங்கினான். "முதலில் இங்கே கையெழுத்துப் போடு" என்றோம். போட்டான்.

ஆறு மாதம் கழித்துப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வகுப்பாசிரியர் மூன்று தேர்வுகளின் மதிப்பெண் தாள்களை எடுத்து வைத்தார். மூன்றிலும் இயற்பியலில் தோல்வி. மூன்றின் அடியிலும் எங்கள் கையொப்பம்! முதலெழுத்தின் கீழே இடுகின்ற இரண்டு புள்ளிகள்கூட அப்படியே இருந்தன. ஒரு கணம் நாங்களே இட்டோமோ என்று மயங்கினோம். பொய்க் கையொப்பத்தால் வேலை இழந்தவர்களின் கோப்புகளைக் கண்ணால் கண்ட எழுத்தனுக்கு, இதைவிடப் பெருங்குற்றம் உலகில் வேறு உண்டோ? வீட்டு வாயிலில் மிதியடியைக் கழற்றும் முன்பே கை நீண்டுவிட்டது. தோளுக்கு மேல் வளர்ந்தவனை, அண்டை வீட்டார் பார்க்க அடித்தோம். அவன் தடுக்கவும் இல்லை; அழவும் இல்லை. இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. அவன் தட்டில் சோறு அப்படியே இருந்தது. அந்த மௌனம் எங்களுக்கு அச்சமூட்டியது.

மூன்றாம் நாள் இரவு மின்சாரம் நின்றது. மூவரும் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தோம். முகம் தெரியாத இருட்டு ஒரு வகையில் துணை செய்தது. "ஏன் அப்படிச் செய்தாய், தம்பி?" என்று, விசாரணையாக அன்றி, அறிய வேண்டியே கேட்டோம். நெடுநேரம் கழித்து, "ஆப் சுன்தே ஹீ நஹீன்" என்றான். "நீங்கள் கேட்பதே இல்லை" என்பது அதன் பொருள். பின்னர் அரைமணி நேரம் இந்தியிலேயே பேசினான். இடையிடையே மறுமொழி சொல்ல எங்களுக்கு நாவு துடித்தது. இல்லத்தரசி கையைப் பற்றி அழுத்தி நிறுத்தினார். அவன் படிக்க விரும்பியது வணிகவியலாம். ஏனென்று கேட்டோம். சிறுவயதில், மாதக் கடைசி நாள்களில் நாங்கள் வீட்டிலும் அமர்ந்து கணக்குச் சரிபார்ப்பதை அருகிலிருந்து பார்ப்பானாம். ஒரு ரூபாய் வேறுபாட்டைத் தேடிக் கண்டுபிடித்ததும் எங்கள் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி அவனுக்குப் பிடிக்குமாம். நாங்கள் தாழ்வென்று கருதிய தொழிலையே அவன் உயர்வாக எண்ணியிருக்கின்றான்! அன்றிரவு எங்களுக்கு உறக்கமில்லை.

அவ்விரவில் இரண்டு உண்மைகள் விளங்கின.

முதலாவது அலுவலகம் தொடர்பானது. இரயில்வே ஊழியர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள், 1968 என்பதை இங்குள்ளோர் நன்கறிவர். பெருந்தண்டனை விதிப்பதற்கு முன் குற்றச்சாட்டை எழுத்தில் தரவேண்டும். எழுத்து வடிவில் விளக்கம் தரப் பத்து நாள் அவகாசம் உண்டு. விசாரணையில் துணைக்கு ஓர் ஊழியரை வைத்துக்கொள்ளலாம். தண்டனை வந்த பின்னும் 45 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நம்மில் ஒருவருக்கு விளக்கம் கேளாமல் ஓர் ஊதிய உயர்வை நிறுத்திவிட்டால் தொழிற்சங்கக் கொடி பிடித்து நிற்போம்! அந்த நாமே வீட்டில் பத்து நொடி அவகாசமும் தருவதில்லை. குற்றஞ்சாட்டுபவரும் நாம், சாட்சியும் நாம், தீர்ப்பளிப்பவரும் நாம், மேல்முறையீட்டை விசாரிப்பவரும் நாமே. தாய் பிள்ளைக்குத் துணையாக ஒரு சொல் சொன்னால், "நீ கொடுக்கும் இடந்தான்" என்று அவர்மீதும் ஒரு சார்ஜ் ஷீட்! பிள்ளை பொய் கூறுவது தவறே. ஆனால், மெய் கூற இடமில்லாத வீட்டில்தான் பொய் எளிதில் குடிபுகும்.

இரண்டாவது உண்மை நம் மொழியைப் பற்றியது; இச்சங்கத்தில் சொல்லத் தக்கது. எங்கள் மகனுக்குத் தமிழ் தெரியும். அப்படியிருந்தும் நெஞ்சு திறந்தபொழுது ஏன் இந்தி வந்தது? மறுநாள் எங்கள் வாயிலிருந்து வரும் தமிழை நாங்களே கவனித்தோம். எழுந்திரு. குளி. படி. அதை அணை. எங்கே போகிறாய்? ஏன் நேரம்? எல்லாம் ஏவல், அல்லது வினா. தெருவில் நண்பரோடு சிரிப்பதும், மனக்குறை சொல்வதும், கனவு பேசுவதும் இந்தியிலும் வங்கத்திலும் நிகழ்கின்றன. திட்டு மட்டும் தமிழில் விழுகின்றது. தமிழை அதட்டும் மொழியாக மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, அம்மொழியில் எவ்வாறு அன்பைப் பேசுவான்? "பிள்ளைகள் தமிழில் பேசுவதில்லை" என்று ஆண்டுதோறும் இம்மேடையில் வருந்துகின்றோம். பேசத்தக்க தமிழை நாம் அவர்களோடு பேசினோமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே எங்கள் இல்லத்தில் சில வழக்கங்களை மேற்கொண்டோம். பயன் கண்டவற்றை மட்டும் கூறுகின்றோம்.

பணியிலிருந்து வந்த முதல் அரைமணி நேரத்தில் எந்த வழக்கையும் எடுப்பதில்லை. மேலதிகாரி மீதுள்ள சினம் அந்நேரத்தில் பிள்ளையின் தலையில் இறங்கும் என்பதை அறிந்துகொண்டோம்.

எக்குற்றமாயினும் முதலில் அவன் விளக்கம். எந்த மொழியில் வந்தாலும் சரி, குறுக்கிடாமல் கேட்பது. அதன்பின் எங்கள் சொல். முடியாது என்று சொல்ல வேண்டியதை முடியாது என்றே சொல்லுகின்றோம், காரணத்தோடு சொல்லுகின்றோம். கேட்பது வேறு, இணங்குவது வேறு.

தாயும் தந்தையும் பிள்ளையின் முன்னால் இரு கட்சியாகப் பிரிவதில்லை. வேறுபாடு இருப்பின் தனியே பேசிக்கொள்ளுகின்றோம்.

இரவு உணவின்போது ஏவலற்ற தமிழ். தாத்தா ஊரிலிருந்து முதன்முதல் வண்டியேறி வந்த கதை, கோடை விடுமுறையில் கோரமண்டல் வண்டியில் கண்ட வேடிக்கை, அலுவலகத்தில் நாங்கள் செய்த பிழை. ஆம், எங்கள் பிழையையும் கூறுகின்றோம். பெற்றோர் பிழை செய்வார் என்று அறிந்த பிள்ளை, தன் பிழையை மறைக்க அஞ்சுவதில்லை.

கடைசியாக, தவறு நம்முடையதாயின் மன்னிப்புக் கேட்பது. அடித்ததற்காக மகனிடம் வருத்தம் தெரிவித்தோம். மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சினோம், குறையவில்லை. மறுநாள் காலையில் அவனும் கையொப்பத்துக்காக வருந்தினான். தானே பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடமும் ஒப்புக்கொண்டான்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தந்தை எரிந்து விழும்பொழுது, அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் கேட்காவிடில் தாயிடம் சொல்லுங்கள். பேச இயலாவிடில் ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். எழுத்தில் வந்த எதையும் இரயில்வேக்காரர் படிக்காமல் விடுவதில்லை!

எல்லாம் இனிதே முடிந்தது என்று கூற வரவில்லை. மகன் பதினோராம் வகுப்பை வணிகவியலில் மீண்டும் படித்தான். ஓராண்டு போயிற்று. இழந்தவன் பிள்ளை, இழக்கச் செய்தவர்கள் நாங்கள். தலைமுடி வெட்டுவது பற்றியும், வண்டியில் தலைக்கவசம் அணிவது பற்றியும் இன்றும் எங்கள் வீட்டில் சச்சரவு உண்டு. ஆனால், இப்பொழுது கதவு சாத்தப்படுவதில்லை. சென்ற மாதம் கணக்கில் ஏதோ ஐயம் கேட்க வந்தவன், தன்னை அறியாமலே தமிழில் கேட்டான். நாங்களும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்பர்களே! இன்றிரவு இல்லம் திரும்பியதும் நம் பிள்ளைகளிடம், "நாடகம் எப்படி இருந்தது?" என்று கேட்போம். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வேறொன்றும் பேசாதிருப்போம். தொடக்கத்துக்கு அதுவே போதும்.