தாயன்பை ஏட்டில் வைப்போம்



சிறுமலர் தெரேசம்மாளுக்கு 4 வயதிருக்கையில், 1877-ல், தாய் செலி மார்ட்டின் இறைவனடி சேர்ந்தார். தமக்கை பவுலினை இரண்டாம் தாயாக ஏற்றார் தெரேசம்மாள். 1882-ல் பவுலினும் கார்மேல் மடம் புகவே, மீண்டும் தாயை இழந்தாற்போல் வாடினார். பின்னர் தாமும் அம்மடம் சேர்ந்தார். மடத்தலைவியாயிருந்த பவுலின் பணித்தபடி, 1895-ல் தம் இளமை நினைவுகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். அவ்விரு தாய்மாரையும் இன்றும் அதில் காண்கிறோம்.

பெற்றவளோடு, வளர்த்த பாட்டி, சின்னம்மா, ஞானத்தாய், மந்திரம் கற்பித்த கன்னியர் என நமக்கும் தாய்மார் பலருண்டு. அவர்களுள் எழுத்தறியாதோர் எத்தனை பேர்! நாம் எழுதாவிடில் நம் பிள்ளைகள் அவர்களை எவ்வாறு அறிவர்? இன்றிரவு செபமாலைக்குப் பின் ஒரு பக்கமேனும் எழுதுவோம். அவர்கள் ஊட்டிய சோறும், கண்டித்த சொல்லும், நமக்காக வடித்த கண்ணீரும் அதில் இருக்கட்டும். மரியன்னை யாவற்றையும் நெஞ்சில் வைத்துக் காத்தார். நாம் ஏட்டிலும் காப்போம்.