மூச்சுக்கு ஒரு கலவை



வரி, கணக்கு என்று உங்களோடு பேசிப் பழகியவன் இன்று விஞ்ஞானம் பேச வந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் அக்காவின் மகளுக்கு 28 வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன். குழந்தை மூச்செடுக்கத் திணறியது. நுரையீரலுக்குள் 'சேர்பக்டன்ற்' என்ற மருந்தைக் குழாய் வழியாக விடவேண்டும், அது பன்றியின் நுரையீரலில் இருந்து எடுப்பது என்றார் வைத்தியர். மகள் தாயின் முகத்தைப் பார்த்தாள். அக்கா சுத்த சைவம்.

"தம்பி, உதை ஆய்வுகூடத்திலை செய்யேலாதோ எண்டு கேள்."

கேட்டேன். "செய்யலாம். ஆனால் இது ஒரு பொருளல்ல, கலவை" என்றார். அவருக்கு அதற்குமேல் நேரமில்லை. அக்காவும் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. "குடுக்கச் சொல்லு" என்றா.

அந்தக் 'கலவை' என்ற சொல் என்னை விடவில்லை. பிறகு தேடி வாசித்தேன்.

நுரையீரலின் சின்னஞ்சிறு காற்றுப்பைகளின் உட்புறத்தில் மெல்லிய நீர்ப்படை இருக்கிறது. நீரின் மேற்பரப்பு எப்போதும் சுருங்கவே பார்க்கும். இதைப் பரப்பிழுவிசை என்பார்கள். அதைத் தளர்த்தாவிட்டால் மூச்சை வெளியே விடும்போது பைகள் ஒட்டிப்போகும். சவர்க்காரம் நீரில் செய்யும் வேலையை அங்கே செய்வதுதான் சேர்பக்டன்ற். குறைமாதக் குழந்தையிடம் அது போதாது. 1959இல் மேரி எலன் ஏவரி என்ற அமெரிக்க வைத்தியர் இதைக் கண்டறிந்தார். ஆனாலும் 1963இல் ஜனாதிபதி கென்னடியின் குழந்தை இதே நோயால் 39 மணித்தியாலத்தில் இறந்தது. கொடுக்க மருந்து இருக்கவில்லை.

அந்தக் கலவையின் முக்கிய பொருள் டிபிபிசி என்ற ஒரு கொழுப்பு. நீரின் மேல் நெருக்கமாக அடுக்கி நின்று இழுவிசையைப் பூச்சியத்துக்குக் கிட்டக் கொண்டுவரக்கூடியது. அப்படியென்றால் அதை மட்டும் கொடுத்தால் என்ன? 1960களில் தூவிப் பார்த்தார்கள். பலன் இல்லை. காரணம், 41 பாகைக்குக் கீழே அது விறைத்த பொருள். உடம்போ 37 பாகை. குளிர்காலத்தில் எங்கள் குசினிப் போத்தலில் உறைந்திருக்கும் தேங்காயெண்ணெய் போலத்தான். மேற்பரப்புக்கு விரைந்து வந்து பரவாது. குழந்தை அடுத்த மூச்சுக்குக் காத்திருக்குமா?

இளகிய வேறு கொழுப்புகளும், எஸ்பி-பி, எஸ்பி-சி என்ற இரண்டு புரதங்களும் சேர்ந்தால்தான் அது உடனே மேற்பரப்புக்கு வந்து படிகிறது. விரைவு இவர்களுடையது, உறுதி அதனுடையது. இதில் எனக்குப் பிடித்தது, மேற்பரப்பில் நிற்கும் கலவையின் விகிதமும் கீழே நீரில் உள்ள விகிதமும் ஒன்றல்ல என்பது. என் தொழிலில் இரண்டு பக்கமும் சரிவராவிட்டால் தூக்கம் வராது!

1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர் மாட்டு நுரையீரலில் எடுத்துத் தயாரித்த கலவையைப் பத்துக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டார்கள். 1990இல் அமெரிக்காவில் புரதமில்லாத செயற்கை மருந்து ஒன்று அனுமதி பெற்றது. விலங்கு மருந்துகளோடு ஒப்பிட்டபோது அது பின்தங்கிவிட்டது. அக்காவின் கேள்விக்கு இதுதான் பதில்.

இதை அவவிடம் சொன்னேன். "அப்ப ஒண்டில் மாடு, இல்லாட்டிப் பண்டி" என்று சிரித்தா. பேத்தி இப்போது வீடெல்லாம் ஓடித்திரிகிறாள். அக்கா இன்றைக்கும் மச்சம் தொடுவதில்லை.