சபதமும் சங்கமும்



கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு கள்ளக்குறிச்சி வட்டாரத்து வயல்களை வளப்படுத்துகிறது. அந்த நல்ல மண்ணின் பெயர் 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நாடெங்கும் துயரத்தோடு உச்சரிக்கப்பட்டது. கள்ளக்குறிச்சி நகரைச் சேர்ந்த கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தியோருள் 65க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் என்பது தொழிற்சாலைகளில் பயன்படும் ஒரு நஞ்சு. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும், உயிரையும் பறிக்கும்.

நஞ்சை விற்றவரைத் தண்டிப்பது சட்டத்தின் கடமை. கல்வராயன் மலைக் காடுகளில் காவல் துறையினர் சாராய ஊறலை அழித்த செய்திகளை நாம் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். ஊறலை அழிக்கலாம், அதனை நாடிச் செல்லும் வேட்கையைத் தடியால் அழிக்க இயலுமோ? அதற்கு வேறு வழி வேண்டுமன்றோ?

குடிப்பவர் பலர் சபதம் செய்வதுண்டு. கோயில் வாசலில் கற்பூரம் அணைத்தும், பெற்ற பிள்ளையின் தலைமேல் கை வைத்தும் ஆணையிடுவர். பத்து நாட்களில் அந்த ஆணை முறிந்துவிடும். உடனே ஊரார் அவரைப் பொய்யர் என்று இகழ்வர். அவர் பொய்யர் அல்லர், நோயாளர். குடிக்கு அடிமையாதல் ஒரு நோய் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டுள்ளது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், உறக்கம் கெடும், சிலருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகி உயிருக்கே இடர் நேரலாம். ஆகவே, முதலில் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

மருந்து உடலைத் தேற்றும். வீடு திரும்பியபின் மாலைதோறும் எழும் ஆசையை வெல்வது எவ்வாறு? இதற்கு விடை அமெரிக்க நாட்டில் ஆக்ரன் என்னும் ஊரில் 1935ஆம் ஆண்டு கிடைத்தது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் என்னும் பங்கு வணிகர், தொழிலில் தோல்வியுற்று அவ்வூர் விடுதியில் தனித்திருந்தார். மதுக்கூடம் அருகிலேயே இருந்தது. அவரோ தம்மைப்போல் துன்புறும் மற்றொருவருடன் பேச விரும்பித் தொலைபேசியை நாடினார். அவ்வாறு அறிமுகமானவர் பாப் என்னும் அறுவை மருத்துவர். பிறருக்குக் கைகொடுப்பவன் தானும் விழாமல் நிற்கிறான் என்ற உண்மையை இருவரும் கண்டனர். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் சங்கம் இவ்வாறு தோன்றியது.

இன்று தமிழ்நாட்டிலும் இதன் கூட்டங்கள் தமிழிலேயே நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை, முழுப்பெயர் கூற வேண்டுவதில்லை, குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் தம் கதையைக் கூறுவார். மற்றவர் குறுக்கிடாது கேட்பர். ஆயுள் முழுதுக்குமான சபதத்தை எவரும் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடியாதிருத்தல் போதும் என்பதே அவர்கள் கொள்கை.

இது நகரத்தார்க்கு மட்டும் உரியதோ என்று நீங்கள் ஐயுறலாம். சென்னையில் 1980ஆம் ஆண்டு திருமதி சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் சிகிச்சை முகாம்களை நடத்தியது. கிராமத்து மக்களைச் சென்னைக்கு வரவழைக்காமல் மருத்துவமே கிராமத்திற்குச் சென்றது. உள்ளூர் மக்கள் துணை நின்றனர். குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கப்பட்டது. மஞ்சக்குடியில் இயன்றது வெள்ளிமலையிலும் கருமந்துறையிலும் இயலாதோ?

இத்தகைய துணையைத் தேடுவது எங்ஙனம்? 14446 என்ற எண்ணில் தேசியப் போதை மீட்பு உதவி மையத்தைக் கட்டணமின்றி அழைக்கலாம். மனத்துயருக்கு 14416 என்ற எண் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் வழி கேட்கலாம். அருகில் கூட்டம் இல்லையெனில், குடியை விட்ட இருவர் வாரந்தோறும் ஓரிடத்தில் அமர்ந்து மனம்விட்டுப் பேசத் தொடங்கட்டும். ஆக்ரனிலும் தொடக்கத்தில் இருந்தவர் இருவரே.

முதல் நாள் வாயிற்படி ஏறுவதுதான் கடினம். 'யாரேனும் பார்த்துவிட்டால்?' என்ற நாணம் காலைப் பின்னுக்கு இழுக்கும். சாராயக் கடைக்குப் பலர் காணச் சென்றவர், நலம் தரும் கூட்டத்திற்கு மட்டும் ஒளிந்து செல்ல வேண்டுமா என்ன? உடன் ஒருவர் துணையாக நடந்தால் அந்த நாணம் பாதியாகும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் வீட்டில் இரவெல்லாம் சச்சரவு கேட்டு, உறக்கம் இழந்து, மறுநாள் வகுப்பில் தலை கவிழ்ந்து அமர்ந்திருப்பதை என் ஆசிரியப் பணியில் நான் பன்முறை கண்டிருக்கிறேன். தந்தையார் குடிப்பது உங்கள் குற்றமன்று. அவரைத் திருத்தும் சுமையும் உங்கள் தோளுக்கு உரியதன்று. நம்பத்தக்க ஆசிரியர் ஒருவரிடமோ உறவினரிடமோ சொல்லுங்கள். உங்களைப் போன்ற இளைஞர்க்கென்றே 'அலட்டீன்' என்னும் அமைப்பு 1957ஆம் ஆண்டிலேயே தோன்றியது என்பதை எண்ணித் தனிமை உணர்வை நீக்குங்கள்.

திருவள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்றோர் அதிகாரம் வகுத்தார். அதனை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அவரே 'பெரியாரைத் துணைக்கோடல்' என்றும் ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். குடியிலிருந்து மீண்டு நிற்பவர், மீளத் துடிப்பவருக்குப் பெரியாரே ஆவார். முதல் அதிகாரத்தைக் கூறி ஒருவரை இகழ்வது எளிது. இரண்டாம் அதிகாரத்தைக் கைக்கொண்டு அவரை அழைத்துச் செல்வோமாக.