தாவரச் சமுதாயமும் மேய்ச்சல் தடையும்

ஒரு நிலப்பரப்பில் சேர்ந்து வளரும் செடி கொடிகளை ஒரே சமுதாயமாகக் கருதுவதா, தத்தம் தேவைக்கேற்ப ஓரிடத்தில் வந்து கூடிய தனித்தனி இனங்களாகக் கருதுவதா என்பது சூழ்நிலையியலின் பழைய வழக்கு. இது வகுப்பறையோடு முடிந்துவிடும் விவாதம் அன்று. காட்டைக் காப்பது, மேய்ச்சலைத் தடுப்பது, தரிசில் மரம் நடுவது போன்ற ஆணைகளின் அடியில் இவ்விரண்டில் ஒரு கொள்கை, பெரும்பாலும் சொல்லப்படாமலே, இருந்து வருகிறது.

அமெரிக்கத் தாவரவியலார் பிரெடரிக் கிளமென்ட்ஸ் 1916இல் வெளியிட்ட நூலில் தாவரச் சமுதாயத்தை ஓர் உயிரிக்கு ஒப்பிட்டார். அது பிறந்து, வளர்ந்து, முதிர்கிறது. குறுக்கீடு இல்லையெனில் அவ்வட்டாரத் தட்பவெப்பத்துக்குரிய உச்சநிலையை அடைந்து நிலைபெறுகிறது என்றார். ஹென்றி கிளீசன் 1926இல் இதை மறுத்தார். விதை எட்டிய இடத்தில், சூழல் ஒத்துவந்தால், ஒவ்வோர் இனமும் தானாக வளர்கிறது என்பது அவர் வாதம். அன்று அதற்குச் செவிசாய்த்தோர் சிலரே. பின்னர் இராபர்ட் விட்டேக்கர் கிரேட் ஸ்மோக்கி மலைச்சரிவுகளில் தாவரங்களை எண்ணி, 1956இல் முடிவுகளை வெளியிட்டார். இனங்கள் கூட்டமாகத் தோன்றிக் கூட்டமாக மறையவில்லை. உயரமும் ஈரமும் மாற மாற, ஒவ்வொன்றும் தன் போக்கில் கூடியும் குறைந்தும் காணப்பட்டது.

இந்தியக் காடுகளுக்குச் சாம்பியன் 1936இல் வகுத்து, சேத்துடன் இணைந்து 1968இல் திருத்திய வகைப்பாட்டில் உச்சநிலைக் கருத்தின் சாயல் அழுத்தமாக உண்டு. வெட்டும் தீயும் மேய்ச்சலும் மாற்றிய புதர்களும் புல்வெளிகளும் அதில் ‘தேய்வு நிலைகள்’ ஆயின. பயனுள்ள வகைப்பாடே, எனினும் மேய்ச்சல் என்றாலே சீரழிவு என்ற எண்ணம் அலுவலகங்களில் வேரூன்றுவதற்கு இத்தகைய சொற்களும் இடம்கொடுத்தன.

இராஜஸ்தானின் பரத்பூரில் அந்த எண்ணம் சோதனைக்கு உள்ளாயிற்று. சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கேவலாதேவ் சதுப்புநிலம், கரை கட்டி நீர் தேக்கி உருவாக்கப்பட்டது. முன்பு மன்னர்களின் வாத்து வேட்டைக் களம். சுற்றுக் கிராமங்களின் மாடுகளும் எருமைகளும் அங்கே நெடுங்காலம் மேய்ந்தன. தேசியப் பூங்காவான பின் 1982இல் மேய்ச்சல் தடுக்கப்பட்டது. மோதல் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் பலியாயின.

தடையால் பறவைகள் பெருகும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. எருமைகள் தின்றும் மிதித்தும் அடக்கி வைத்திருந்த பாஸ்பாலம் டிஸ்டிக்கம் என்னும் புல் நீர்ப்பரப்பை மூடியது. திறந்த நீர் சுருங்கவே, நீர்ப்பறவைகளுக்கும் மீன்களுக்கும் இடம் குறைந்தது. 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திய நீண்ட ஆய்வு இதை வெளிப்படுத்தியது. பின்னர் கிராமத்தார் உள்ளே சென்று புல் அறுக்க அனுமதி பெற்றனர். கிளமென்ட்ஸை முழுமையாகப் படித்திருந்தாலும் இவ்விளைவை எதிர்பார்த்திருக்கலாம்: தடையின்றி விடப்பட்ட ஆழமற்ற ஏரி தூர்ந்து நிலமாகும் என்பதும் அவர் கொள்கையின் பாடமே. அந்த ஒரு பக்கத்தைத்தான் யாரும் புரட்டவில்லை போலும்!

இதற்கு வேண்டிய முறைகள் அரிதானவை அல்ல. நீரின் ஆழம் வேறுபடும் இடங்களில் சில துண்டுகளை வேலியிட்டு, அவற்றின் அருகே அதே அளவில் சில துண்டுகளைத் திறந்து விடவேண்டும். ஒவ்வொன்றிலும் நிலையான சதுரக் கட்டங்கள் குறிக்கப்பட வேண்டும். புல்லுக்குப் பெரும்பாலும் ஒரு மீட்டர் பக்கமுள்ள கட்டம் போதும். மரங்களுக்குப் பத்து மீட்டரோ அதற்கு மேலோ தேவை. எத்தனை கட்டங்கள் என்பதை, கட்டங்கள் கூடக்கூடப் புதிய இனங்கள் வருவது நின்றுபோகும் எல்லையைக் கொண்டு கணிக்கலாம். எல்லாக் கட்டங்களிலும் காணப்படும் இனமே ஆதிக்க இனம் என்று மாணவர் முடிவு கட்டுவதுண்டு, அது தவறு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒற்றைத் தண்டாக நிற்கும் செடியும் அக்கணக்கில் முதலிடம் பெறும். ஆகவே பரப்பு மூடும் அளவையும் தனியே குறிக்கவேண்டும். பிரான்-பிளாங்கே அளவுகோலில், முக்கால் பங்குக்கு மேல் மூடும் இனத்துக்கே உயர்மதிப்பான 5 வழங்கப்படுகிறது.

பரத்பூர் போன்ற இடத்தில் மழைக்குப் பின்பு ஒருமுறை, நீர் வற்றும் கோடையில் ஒருமுறை எனப் பல ஆண்டுகள் அதே கட்டங்களை அளப்பது அவசியம். அரிவாளும் எருமையும் ஒன்றல்ல. எருமை நீரில் இறங்கி மேய்கிறது, சேற்றை மிதித்துக் கலக்குகிறது, சாணமும் இடுகிறது. எனவே புல் அறுக்கும் துண்டுகள் மூன்றாவது வகையாகத் தனியே குறிக்கப்பட வேண்டும். எந்தப் புல்லை எம்மாதத்தில் எருமை விரும்பித் தின்னும் என்பதை, கட்டம் இடுமுன் மேய்ப்பவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்வது நலம்.