மறைநூல் வழியே ஆங்கிலம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்திய நான், நண்பர் ஒருவர் தந்த பழைய ஆங்கில விவிலியத்தைக் கொண்டே ஆங்கிலம் பயின்றேன். தமிழ் விவிலியத்தை அருகில் விரித்து, வசன எண் பார்த்து ஒப்பிட்டேன். அகராதியின்றியே பொருள் விளங்கிற்று.

பின்பு மேலதிகாரிக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். அந்நூலில் கடவுளையே ‘தௌ’ என்று விளித்திருந்தமையால், அதை உயர்ந்த மரியாதைச் சொல்லென்று எண்ணி, அவரையும் அவ்வாறே விளித்தேன். அலுவலகமே நகைத்தது. ‘தௌ’ என்பது ‘நீ’ என்னும் ஒருமையாம்! நாமும் இறைவனை ‘நீ’ என்றுதானே அழைக்கிறோம்?

அந்நூல் 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பு. அதில் ‘லெட்’ என்னும் சொல் சில இடங்களில் ‘தடு’ என்று பொருள்படும்; இன்றோ ‘விடு’ என்பதே பொருள். நம் மொழியில் நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ இன்று எதைக் குறிக்கிறது?

ஆகவே, முறை பிழையன்று. நான் எடுத்த பதிப்பே பொருந்தாதது. 1976-இல் முழுமையாக வெளிவந்த குட் நியூஸ் பைபிள் போன்ற எளிய நடைப் பதிப்பைக் கொள்க. கீதையாயினும் குர்ஆனாயினும் இக்கால மொழிபெயர்ப்பையே தேடுக. நாளும் ஐந்து வசனங்களை உரக்கப் படித்து, அவற்றின் கருத்தைச் சொந்தச் சொற்களிற் கூறிப் பழகுக.

1978-இல் உருவாகத் தொடங்கிய இந்த எலெக்ட்ரானிக் சிட்டியில், வாயிற்காவலருக்கும் ஆங்கிலம் வேண்டியிருக்கிறது. கூச்சத்தால் வாய்மூடி, கிடைக்கும் வேலையை இழக்கும் நம் இளைஞரும் பெண்டிரும் இன்றிரவே தொடங்குக. நகைப்புக்கு அஞ்சாதீர்; அன்று நகைத்தவர்களிடமே திருத்தம் கேட்டு நான் கற்றேன்.