தோற்றவர்கள் ஜெயித்த ஊர்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சிவில் படித்தவனை அரசியல் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பயப்படாதீங்க, உள்ளூர் அரசியல் பக்கம் வரமாட்டேன். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் மூன்றாவதாக நின்றவர்களைப் பற்றியும், அவர்களுக்கு ஓட்டுப் போட்ட ஊர்களைப் பற்றியும்தான் பேச்சு.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு உண்டு. மூன்றாம் வருஷம் ஹாஸ்டலில், "தோற்கிறவனுக்குப் போடுற ஓட்டு குப்பைத்தொட்டிக்குத்தான் போகும்" என்று என் அறை நண்பனோடு விடிய விடியச் சண்டை போட்டேன். அதற்குப் பிறகு ஒரு செமஸ்டர் முழுக்க இரண்டு பேரும் பேசவில்லை. ஆசாமி இதோ நாலாவது வரிசையில்தான் இருக்கிறான். அவனுக்காகத்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

வேலை விஷயமாக ஒன்றரை வருஷம் மின்னசோட்டா மாநிலத்தில் டுலூத் நகரத்தில் இருந்தேன். அங்கிருந்து சுப்பீரியர் ஏரிக்கரையோரமாக வடக்கே போனால் டூ ஹார்பர்ஸ் என்று ஒரு சின்ன ஊர். இரும்புத்தாது ஏற்றும் பிரம்மாண்டமான மேடைகள் ஏரிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். 1884-லிருந்து அங்கே தாது ஏற்றுகிறார்கள். அதைப் பார்க்கத்தான் நான் போனேன். அங்கே காபிக் கடையில் பழக்கமான ஒரு பெரியவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தன் தாத்தா 1912-ல் யூஜின் டெப்ஸுக்கு ஓட்டுப் போட்டதைச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை! நாட்டில் தோற்றாலும் எங்கள் கவுண்டியில் அவர்தான் முதலிடம் என்றார். கவுண்டி என்றால் நம்ம ஜில்லா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

அறைக்கு வந்து தேடிப் பார்த்தேன். நிஜம்தான். டெப்ஸ் சோஷலிஸ்ட் கட்சிக்காரர், ரயில்வே தொழிற்சங்கத் தலைவர். வில்சன், ரூஸ்வெல்ட், டாஃப்ட் மூவரும் மோதிய அந்தத் தேர்தலில் நாடு முழுக்க 9 லட்சம் ஓட்டு வாங்கினார், 6 சதவீதம். அவர் முதலிடம் பிடித்த கவுண்டிகள் நான்கே நான்கு. மின்னசோட்டாவில் லேக், பெல்ட்ராமி, வடக்கு டகோட்டாவில் பர்க், கான்சஸில் கிராஃபோர்டு. இந்தக் கிராஃபோர்டு நிலக்கரிச் சுரங்கப் பகுதி. ஐரோப்பாவிலிருந்து வந்த தொழிலாளிகள் நிறைந்த இடம். அங்கே ஜிரார்டு என்கிற சிற்றூரிலிருந்துதான் 'அப்பீல் டு ரீசன்' என்ற சோஷலிஸ்ட் வாரப் பத்திரிகை வந்தது. அதன் நல்ல காலத்தில் 5 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. அதாவது கோட்டை என்பது தானாக முளைப்பதில்லை. ஒரே தொழில், சங்கம், வீட்டுக்கு வருகிற பத்திரிகை எல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டும்.

சரி, ஓட்டு ஓரிடத்தில் குவிவதற்கும் பரவிக் கிடப்பதற்கும் என்ன வித்தியாசம்? சிவில் பிள்ளைகளுக்கு உடனே புரியும். ஒரே எடையை பீம் முழுக்க யு.டி.எல்.லாகப் பரப்பினால் ஒரு பெண்டிங் மொமென்ட். நடுவில் பாயிண்ட் லோடாக வைத்தால் அதே போல் இரண்டு மடங்கு. அமெரிக்கத் தேர்தலும் அப்படித்தான். அனேகமாக எல்லா மாநிலத்திலும் முதலாவது வந்தவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும்.

1948-ஐப் பாருங்கள். ஸ்ட்ராம் தர்மண்ட் 11 லட்சத்து 75 ஆயிரம் ஓட்டு. ஹென்றி வாலஸ் 11 லட்சத்து 57 ஆயிரம். தராசில் வைத்தால் முள் அசையாது. ஆனால் தர்மண்டுக்கு 4 தென்மாநிலங்கள், 39 தேர்வாளர்கள். வாலஸுக்குப் பூஜ்யம்.

இதைக் கேட்டுக் கோட்டை கட்டுவது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். தர்மண்டின் கோட்டை எதன் மேல் நின்றது? கறுப்பின மக்களில் பெரும்பாலோரை ஓட்டுச்சாவடிப் பக்கமே வரவிடாத ஊர்கள் அவை. அலபாமாவில் ட்ரூமன் பெயரே வாக்குச்சீட்டில் இல்லை; பதவியில் இருந்த ஜனாதிபதி! 1968-ல் ஜார்ஜ் வாலஸ் ஐந்து மாநிலங்களை ஜெயித்ததும் அதே இனப்பிரிவினையின் மிச்சத்தில்தான். டூ ஹார்பர்ஸ் கோட்டையையும் இந்தக் கோட்டையையும் ஒரே வார்த்தையால் அழைப்பது எனக்குக் கூசுகிறது.

பரவலுக்கு உதாரணம் 1992-ல் ராஸ் பெரோ. கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனி நடத்திக் கோடீஸ்வரரானவர். டி.வி.யில் அரை மணி நேரம் விலைக்கு வாங்கி, சார்ட்டைக் காட்டிக் காட்டிப் பட்ஜெட் பற்றாக்குறையை விளக்கினார். நம்ம எச்.ஓ.டி. வகுப்பு ஞாபகம் வரும்! 1 கோடியே 97 லட்சம் ஓட்டு, 18.9 சதவீதம். தேர்வாளர் ஒருவர்கூட இல்லை. ஆனால் மெயின் மாநிலத்தில் 30 சதவீதம் வாங்கி, ஜனாதிபதி புஷ்ஷை 316 ஓட்டில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார். புஷ்ஷின் கோடைக்கால வீடு இருந்ததே அந்த மாநிலத்தில்தான். மெயின்காரர்கள் 1974-லேயே கட்சி சாராத ஒருவரைக் கவர்னர் ஆக்கியவர்கள், பழக்கம் இருந்தது. டெக்சாஸில் லவிங் கவுண்டியிலும் பெரோவே முதலிடம். அங்கே பதிவான மொத்த ஓட்டே நூறுக்குள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நாலாவது வரிசைக்கு வருகிறேன். என் வாதத்தில் பாதி இன்னும் நிற்கிறதுடா. 1948-ல் ஹென்றி வாலஸ் நியூயார்க்கில் மட்டும் 5 லட்சம் ஓட்டு வாங்கினார். ட்ரூமன் அங்கே தோற்றது சுமார் 61 ஆயிரத்தில். வாலஸுக்குப் போட்டவர்களில் எத்தனை பேர் அதை விரும்பியிருப்பார்கள்? மீதிப் பாதி உன்னுடையது. 1912-ல் டெப்ஸ் கட்சி கேட்டவற்றில் பெண்களுக்கு ஓட்டுரிமையும் வருமானத்துக்கேற்ற வரியும் இருந்தன. வரிக்கு வழிவிட்ட திருத்தம் 1913-லும், பெண்கள் ஓட்டுரிமை 1920-லும் வந்தன. அவரால் மட்டும் வந்தது என்று சொல்லமாட்டேன். குப்பைத்தொட்டி என்றும் இனிமேல் சொல்லமாட்டேன்.

அந்த 1920-ல் டெப்ஸ் அட்லாண்டா சிறையில் இருந்தார், போருக்கு எதிராகப் பேசியதற்காக. சிறையிலிருந்தே போட்டியிட்டு மறுபடியும் 9 லட்சத்துக்கு மேல் வாங்கினார். பெரியவரின் தாத்தா அப்போதும் அவருக்கே போட்டாராம். அந்த வருஷம் ஜெயித்தது யார் என்று கேட்டேன். அவருக்கு உடனே ஞாபகம் வரவில்லை. மனைவியைக் கேட்டு, ஹார்டிங் என்றார்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்வி இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் கேளுங்கள், நண்பன் பக்கத்து இலையில்தான் இருப்பான்.