சுமைகூலியின் நியாயம்

பழனிக்கும் கரூருக்கும் மதுரைக்கும் திருச்சிக்குமாகத் தண்டவாளங்கள் பிரிகின்ற திண்டுக்கல் சந்திப்பில், தைப்பூசக் காலத்தில் மூட்டைமுடிச்சுகளோடு இறங்கும் யாத்ரிகர், சிவப்புச் சட்டையும் எண் பொறித்த பித்தளை வில்லையும் அணிந்த போர்ட்டரிடம் பேரம் பேச முற்படுவது சகஜமே. ஆனால் அக்கூலியை, சுமையின் எடையையும் தலையிலா தள்ளுவண்டியிலா என்பதையும் உத்தேசித்து, ரயில்வே நிர்வாகமே நிர்ணயம் செய்கிறது. அதிகம் கேட்டால் வில்லையின் எண்ணைக் குறிப்பிட்டு நிலைய அதிகாரியிடம் முறையிடலாம். அளவுக்கு மீறிச் சுமத்திவிட்டு நியாயம் பேசும் பயணிகளும் உண்டென்பது வேறு விஷயம்.

விசித்திரம் யாதெனில், உரிமம் வழங்கிக் கட்டணமும் விதிக்கின்ற ரயில்வே, போர்ட்டருக்கு மாதச் சம்பளம் தருவதில்லை. 2016-ஆம் ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில் ‘சஹாயக்’ என்ற பெயரும் புதிய சீருடையும் அறிவிக்கப்பட்டன. ஜீவனமோ இன்னும் அன்றாடச் சுமையை நம்பியே நடக்கிறது.